கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்: பழைய மாருதி 800 உதறும்போது

சிக்னலில் நிற்கும் பழைய மாருதி 800இன் ஸ்டியரிங்கும் பின்பார்வைக் கண்ணாடியும் சேர்ந்து நடுங்கினால், பெரும்பாலான பட்டறைகளில் முதல் கை போகும் இடம், பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குத் தரும் கார்புரேட்டர். கலவையில் பெட்ரோலின் அளவை மாற்றும் மிக்சர் ஸ்க்ரூவை முக்கால் சுற்று, ஐடில் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது என்ஜின் ஓடும் வேகம்) ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பினால் சத்தம் கொஞ்சம் சீராகிவிடும். வண்டியும் வீட்டுக்குப் போய்விடும். பத்து நாளில் அதே உதறல் திரும்பி வரும். இம்முறை மைலேஜும் குறைந்திருக்கும்.

அந்த ஸ்க்ரூ ஏன் தற்காலிகமாக வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பிளக்கில் ஸ்பார்க் பலவீனமாக இருந்தால், பெட்ரோல் கூடிய கலவை சற்று எளிதாகப் பற்றும். எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் காற்று உள்ளே போனாலும், கூடுதல் பெட்ரோல் அந்தக் காற்றை ஈடுகட்டும். ஒரு ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள பாகம்) பாதி அடைத்திருந்தாலும் இதே கதைதான். ஆக, சம்பந்தமே இல்லாத மூன்று கோளாறுகளை ஒரே திருப்பு திருப்பி மூடிவிடலாம். மூடிய பிறகு எது உண்மையான கோளாறு என்று கண்டுபிடிப்பது முன்பைவிடக் கடினம். அதனால்தான் இந்த வண்டியில் கார்புரேட்டரைத் தொடுவது கடைசி வேலையாக இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன்.

இங்கே பேசுவது 796 சிசி, மூன்று சிலிண்டர் எஃப்8பி என்ஜினைப் பற்றி. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. பின்னாளில் வந்த எம்பிஎஃப்ஐ (கணினி அளந்து பெட்ரோலைப் பீச்சும்) மாடல்களை விட்டுவிட்டு, கார்புரேட்டரும், ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள வண்டிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இன்றும் நல்ல நிலையில் ஓடக்கூடிய வண்டிகள் இவை. பொறுமையாகப் பார்த்தால் இவற்றில் கண்டுபிடிக்க முடியாத கோளாறு என்று எதுவும் இல்லை.

உதறலா, பிறவி ஆட்டமா?

நான்கு சிலிண்டர் வண்டி ஓட்டிப் பழகியவருக்கு நல்ல நிலையில் உள்ள 800கூட உதறுவதாகத் தோன்றும். கிராங்க்ஷாஃப்டின் ஒவ்வொரு 240 டிகிரிக்கும் ஒரு சிலிண்டர் எரிகிறது. மூன்று பிஸ்டன்களும் வெவ்வேறு நேரத்தில் ஏறி இறங்குவதால் என்ஜினின் ஒரு முனை மேலெழும்பும்போது மறுமுனை தாழும். இந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ளத்தான் என்ஜின் மவுண்டிங் ரப்பர்கள் இருக்கின்றன. இருபது, முப்பது ஆண்டில் அந்த ரப்பர் கல்லாக இறுகியிருக்கும், அல்லது உலோகத் தகட்டிலிருந்து பிய்ந்திருக்கும். அப்போது என்ஜின் ஒழுங்காக ஓடினாலும் நடுக்கம் முழுதும் பாடிக்கு வந்துவிடும்.

இரண்டையும் பிரித்தறிய சைலன்சர் குழாயின் வாயருகே போங்கள். 900 ஆர்பிஎம் ஐடிலில் வினாடிக்கு 22 தடவைக்கு மேல் எரிப்பு நடப்பதால், சீரான என்ஜினின் புகை விட்டுவிட்டு வராமல் ஒரே ஓட்டமாகக் கையில் படும். ஒரு சிலிண்டர் செத்திருந்தால் வினாடிக்கு ஏழெட்டு முறை ஓட்டம் அறுபடும். கல்யாணப் பத்திரிகை அளவு கெட்டியான அட்டையைக் குழாயின் வாயிலிருந்து ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அட்டை சீராக வெளியே தள்ளப்பட வேண்டும். விட்டுவிட்டுத் துடித்தால் மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது. இடையிடையே ‘சப்’ என்று குழாயை நோக்கி இழுக்கப்பட்டால் எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று முழுதாக மூடவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும்.

புகை சீராக இருந்தும் கேபின் நடுங்கினால் மவுண்டிங்கைப் பாருங்கள். பானெட்டைத் திறந்து, ஹேண்ட்பிரேக் போட்டு, கிளட்சை மெல்ல விட்டு என்ஜினுக்குச் சற்றுச் சுமை கொடுக்கும்போது இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. என்ஜின் இரண்டு விரற்கடைக்கு மேல் எழும்பினால் மவுண்டிங் பிய்ந்திருக்கிறது. சைலன்சர் குழாய் பாடியில் எங்காவது தட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ரேஸ் கொடுத்ததும் மறைந்துபோகும் நடுக்கம் பல நேரம் இந்த வகைதான்.

மூன்றில் எது?

மிஸ்ஸிங்தான் என்று உறுதியானால், கோளாறு எல்லா சிலிண்டருக்கும் பொதுவானதா, ஒன்றே ஒன்றிலா என்பது அடுத்த கேள்வி. இந்த ஒரு கேள்விக்கான விடை, பார்க்க வேண்டிய இடங்களில் பாதியை ஒதுக்கிவிடும். கார்புரேட்டரும், ஸ்பார்க்குக்கான உயர் வோல்டேஜைத் தரும் காயிலும், பெட்ரோல் பம்பும் மூன்று சிலிண்டருக்கும் பொது. பிளக், பிளக் ஒயர், வால்வு, பிஸ்டன் ரிங் ஆகியவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. ஒரே சிலிண்டர் செத்திருக்கும்போது கார்புரேட்டரைக் கழற்றுவது வீண் வேலை.

சோதனைக்கு ஒரு பழைய பிளக் போதும். என்ஜினை நன்றாகச் சூடாக்கி நிறுத்துங்கள். டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது 1வது சிலிண்டர். அதன் ஒயரைக் கழற்றிப் பழைய பிளக்கில் மாட்டி, அந்தப் பிளக்கின் உலோக உடல் என்ஜினை நன்றாகத் தொடும்படி ஒரு கிளிப்பால் கட்டுங்கள். ஸ்டார்ட் செய்து ஐடிலைக் கவனித்து, நிறுத்தி, அடுத்த சிலிண்டருக்கு மாற்றுங்கள். ஓடும் என்ஜினில் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். ஷாக் பலமாக அடிக்கும். எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியில் ஒயரை அந்தரத்தில் விட்டால் காயிலும் மாட்யூலும் சேதப்படலாம். எரியாத பெட்ரோல் வெளியேறுவதால் ஒவ்வொரு சோதனையும் அரை நிமிடத்துக்குள் முடியட்டும். பிளக் கட்டிய இடத்தருகே பெட்ரோல் கசிவு இருக்கக் கூடாது.

நல்ல சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் என்ஜின் சட்டென்று தொய்யும், அணைந்துகூடப் போகலாம். கழற்றியும் சத்தம் மாறவில்லை என்றால் அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். மூன்றும் ஒரே அளவு தொய்ந்து, பொதுவாக ஓட்டம் மோசமாக இருந்தால் கோளாறு பொதுப் பாகத்தில்.

இரண்டு சிலிண்டர் சேர்ந்து பலவீனமாக இருப்பதும் உண்டு. 1ம் 2ம், அல்லது 2ம் 3ம் என்று பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்குக் கீழே இருக்கும் அடைப்புத் தகடு) இரண்டுக்கும் நடுவே எரிந்திருக்கலாம். 1ம் 3ம் என்றால் அந்தக் காரணம் பொருந்தாது; டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைப் பாருங்கள். அண்மையில் யாராவது சர்வீஸ் செய்து அதன் பிறகு தொடங்கிய கோளாறு என்றால் ஒயர்களின் வரிசையை முதலில் சரிபாருங்கள். எரிப்பு வரிசை 1-3-2. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டார் சுற்றும் திசையில் மூடியின் மூன்று கம்பங்களும் இதே வரிசையில் போக வேண்டும்.

ஸ்பார்க்

செத்த சிலிண்டரின் பிளக்கை நல்ல சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு மறுபடி சோதியுங்கள். கோளாறு பிளக்கோடு இடம் மாறினால் பிளக்தான் காரணம். மாறவில்லை என்றால், நன்றாக இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒயரை மாட்டிப் பாருங்கள். புதுப் பாகம் வாங்குவதற்கு முன் இருப்பதை மாற்றிப் போட்டுப் பார்ப்பது செலவே இல்லாத சோதனை. இதைச் செய்யாமல் ‘பிளக் செட், ஒயர் செட் எல்லாம் மாத்திடலாம்’ என்று சொல்பவரிடம் காரணம் கேளுங்கள்.

பிளக்கை ஆறிய என்ஜினில் மட்டுமே கழற்ற வேண்டும். ஹெட் அலுமினியம், சூட்டில் திருகினால் மரை பிய்ந்து வரும். மாட்டும்போது கடைசி வரை கையால் சுற்றி, புதுப் பிளக் என்றால் ஸ்பேனரால் அரைச் சுற்று, பழையது என்றால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால் லேசான ஓர் இறுக்கு. அதற்கு மேல் பலம் காட்ட வேண்டியதில்லை. இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ.

கழற்றிய பிளக்கின் முகத்தைப் படிக்கத் தெரிந்தால் அதுவே ஒரு அறிக்கை. வெளிர் பழுப்பு சரியானது. காய்ந்த மசிக் கருப்பு, பெட்ரோல் கூடுதல் அல்லது ஸ்பார்க் குறைவு. பெட்ரோலில் நனைந்து வந்தால் அந்தச் சிலிண்டரில் எரிப்பே நடக்கவில்லை. பிசுக்கான எண்ணெய்க் கருப்பு, ரிங் அல்லது வால்வு சீல். சுண்ணாம்பு வெள்ளையாகி முனை கொப்பளித்திருந்தால் காற்று கூடிவிட்டது. ஐடிலில் வெகுநேரம் ஓடிய பிளக் எப்போதுமே சற்றுக் கருப்பாகத்தான் இருக்கும். அதை வைத்துத் தீர்ப்பு சொல்லாமல், 15 கி.மீ. ஓட்டிவிட்டு என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டுக் கழற்றிப் பாருங்கள். மூன்று பிளக்கையும் கழற்றிய வரிசையில் ஒரு துணிமேல் அடுக்கி ஒப்பிடுவது முக்கியம். ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் கதை அந்தச் சிலிண்டரில் இருக்கிறது.

வெளியே காற்றில் பிடித்துப் பார்த்தால் ஸ்பார்க் அழகாக வருகிறது, அதனால் இக்னிஷனில் கோளாறு இல்லை என்று முடிவுகட்டுவது பெரிய தவறு. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும்போது அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். காற்றில் 6 மி.மீ. தூரம் நீல நிறத்தில் ‘டக் டக்’ என்று தாண்டும் ஸ்பார்க் நம்பத்தக்கது. மஞ்சளாக, மெலிதாக, சத்தமில்லாமல் வந்தால் நம்பக் கூடாது.

ஒயரின் கசிவை இரவில் கண்டுபிடிக்கலாம். திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, விளக்கில்லாத இருட்டில் என்ஜினை ஓடவிட்டு, ஒயர்கள் மேலும் மூடியின் மேலும் பூச்செடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயால் மெல்லிய நீர்த்தூவல் விடுங்கள். கசிகிற இடத்தில் நீல ஒளி ஊர்ந்து ஓடும். மழைநாளில் மட்டும் உதறும் வண்டிக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. மல்டிமீட்டர் இருந்தால் ஒயரின் இரு முனைக்கும் அளந்து பாருங்கள். கார்பன் ஒயரில் மீட்டருக்குச் சுமார் 10 முதல் 20 கிலோ ஓம் வரும். எண் ஓடிக்கொண்டே இருந்தாலோ எல்லையற்றுப் போனாலோ உள்ளே அறுந்திருக்கிறது.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் கீறியது போன்ற மெல்லிய கருப்புக் கோடு இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஓடினால் மின்சாரம் அந்த வழியே கசிந்து ஒரே நேரத்தில் இரண்டு சிலிண்டரைக் கெடுக்கும். துடைத்தால் போகாது, மூடியை மாற்ற வேண்டும். நடுவே ஸ்ப்ரிங்கில் நிற்கும் கார்பன் துண்டு உடைந்திருக்கிறதா, ரோட்டாரின் பித்தளை முனை கரைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

காயிலின் மின்சாரத்தை வெட்டி ஸ்பார்க் உண்டாக்கும் பிளாட்டினம் பாயிண்ட் உள்ள பழைய வண்டிகளில் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டில் உரசும் பாயிண்டின் பைபர் தேயத் தேய இடைவெளி குறையும். குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்தங்கும், இழுவை போகும். அதனால் பாயிண்டைத் தொட்ட பிறகு டைமிங்கையும் லைட் வைத்துப் பார்க்காமல் விடக் கூடாது. ஒரு முகத்தில் குழியும் மறுமுகத்தில் மேடும் விழுந்திருந்தால் பாயிண்டில் பொறி பறக்காமல் தடுக்கும் கண்டென்சரும் தளர்ந்துவிட்டது என்று பொருள், சேர்த்தே மாற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டைக் கையால் பக்கவாட்டில் ஆட்டுங்கள். அசைந்தால், எவ்வளவு துல்லியமாக இடைவெளி வைத்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் அது மாறிக்கொண்டே இருக்கும். அதற்குப் புஷ் (ஷாஃப்ட் உள்ளே சுற்றும் வளையம்) போட வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் (என்ஜினின் உறிஞ்சு விசை) குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். உள்ளே தட்டு நகர வேண்டும், நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உள்ளிருக்கும் சவ்வான டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அது டைமிங்கையும் கெடுக்கும், காற்றுக் கசிவாகவும் மாறும்.

இன்னொரு சின்ன இடம்: என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை. துருப்பிடித்து நான்கைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தால், ஹெட்லைட் போட்டதும் மிஸ்ஸிங் கூடுவது போன்ற விளங்காத தொல்லைகள் வரும். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுங்கள்.

சோக் சொல்லும் பதில்

இந்த வண்டியில் கையால் இழுத்தால் காற்று வழியை மறித்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக் இருப்பது பெரிய வசதி. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலில் உதறும்போது, சோக்கைக் கால்வாசி மட்டும் இழுங்கள். உதறல் குறைந்து சீரானால் கலவையில் காற்று கூடுதல்: எங்கோ ஏர் பிடிக்கிறது, அல்லது ஐடில் ஜெட் அடைத்திருக்கிறது. மேலும் மோசமாகி அணையப் பார்த்தால் பெட்ரோல் கூடுதல்: ஃப்ளோட் மட்டம் (கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் உயரம்), அதைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வு, அடைத்த ஏர் ஃபில்டர். எந்த மாற்றமும் இல்லை என்றால் கலவையை விட்டுவிட்டு ஸ்பார்க்குக்கும், சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தமான கம்ப்ரஷனுக்கும் திரும்புங்கள். பத்து வினாடிச் சோதனை இது. கார்புரேட்டரைக் கழற்றும் முன் இதைச் செய்யாத மெக்கானிக்கை எனக்குப் புரிந்துகொள்ள முடிவதில்லை.

ஏர் பிடிக்கும் இடங்கள் அதிகமில்லை. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் (கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்) நடுவிலுள்ள இன்சுலேட்டர் கட்டை, அதன் இருபுறக் கேஸ்கெட்டுகள், இன்லெட் மேனிஃபோல்டு கேஸ்கெட், வேக்கம் குழாய்கள், பூஸ்டர் உள்ள வண்டியில் பிரேக் பூஸ்டர் குழாய், ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தட்டைத் தாங்கும் த்ராட்டில் ஷாஃப்டின் இரு முனைகள். கார்ப் கிளீனரை அடித்துப் பார்ப்பது வழக்கம். ஆனால் சூடான எக்ஸாஸ்டுக்கும் ஒயர்களுக்கும் பக்கத்தில் அது தீப்பிடிக்கக் கூடியது. சோப்புத் தண்ணீரைச் சிறு சிரிஞ்சில் எடுத்து இணைப்புகளின் விளிம்பில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கசியும் இடம் தண்ணீரை உறிஞ்சும். அந்த நொடியில் என்ஜின் சத்தம் மாறும். குழாய்களை ஒவ்வொன்றாக மூக்குப் பிளையரால் மெல்ல நசுக்கியும் பார்க்கலாம். நசுக்கியதும் ஐடில் சீரானால் அந்தக் குழாயின் மறுமுனையில் கோளாறு.

வேக்கம் கேஜ் கிடைத்தால் இந்த வேலை இன்னும் சுலபம். சமவெளியில் நல்ல என்ஜின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) காட்டி ஆடாமல் நிற்கும். தாழ்வாக, ஆனால் ஆடாமல் நின்றால் காற்றுக் கசிவு அல்லது பின்தங்கிய டைமிங். சீரான இடைவெளியில் முள் விழுந்து எழுந்தால் வால்வு. இங்கே ஒரு எச்சரிக்கை: 300 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் 12 அங்குலம் காட்டுவது கோளாறு இல்லை. மேட்டுப்பாளையத்தில் சரியாக இருந்த கார்புரேட்டர் ஊட்டியில் கறுப்புப் புகை தள்ளுவதும் அங்கே காற்று அடர்த்தி குறைந்து கலவையில் பெட்ரோல் கூடுவதால்தான். மேலே போய் ஸ்க்ரூவைக் குறைத்து, அப்படியே கீழே இறங்கி ஓட்டினால் சமவெளியில் உதறும்.

கம்ப்ரஷன்

ஸ்பார்க் இருக்கிறது, காற்று கசியவில்லை, ஆனாலும் ஒரு சிலிண்டர் செத்தே கிடக்கிறது என்றால் கம்ப்ரஷன் கேஜ் வேண்டும். எல்லாப் பிளக்கையும் கழற்றி, காயில் இணைப்பைப் பிடுங்கி, பெட்ரோல் வரும் குழாயைக் கழற்றி அடைத்து, ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தியபடி ஐந்தாறு சுற்று கிராங்க் செய்யுங்கள். பாட்டரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்த மறந்தால் மூன்றுமே குறைவாகக் காட்டி வீண் பயம் காட்டும்.

160 முதல் 180 பிஎஸ்ஐ வரை நல்லது. ஓடித் தேய்ந்த என்ஜினில் மூன்றும் 140 காட்டினாலும் ஐடில் சீராகவே இருக்கும்; இழுவை மட்டும் குறையும். உதறலுக்குக் காரணம் வித்தியாசம்தான். ஒன்று மற்றவற்றைவிட 15 பிஎஸ்ஐக்கு மேல் குறைந்தால் கவனிக்க வேண்டும். குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. எண்ணெய் தற்காலிகமாக அடைத்துக்கொண்டது. ஏறவில்லை என்றால் வால்வு அல்லது கேஸ்கெட்.

வால்வு என்றதும் ஹெட்டை இறக்கிவிடாதீர்கள். முதலில் டாப்பெட் இடைவெளி, அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி. ஆறிய என்ஜினில், அந்தந்தச் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும்போது, இன்லெட்டுக்கு 0.15 மி.மீ.யை ஒட்டியும் எக்ஸாஸ்டுக்கு அதைவிடச் சற்றே கூடுதலாகவும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இழுபட வேண்டும். டாப்பெட் சத்தம் வருகிறது என்று முறையிடுபவர்கள் பலர்; உண்மையில் பயப்பட வேண்டியது சத்தமே இல்லாத டாப்பெட்டைக் கண்டு. இடைவெளி குறைந்துவிட்டால் சூட்டில் வால்வுத் தண்டு நீண்டு, வால்வு முழுதாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்கிவைப்பது சீட்டில் உட்காரும் நேரத்தில்தான். உட்கார முடியாத வால்வு கருகி விளிம்பு உடையும். ஆறியிருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் ஒரு சிலிண்டர் சாகும் வண்டியில் இதை முதலில் பாருங்கள். நெடுநாள் எல்பிஜியில் ஓடிய வண்டியில் சீட் தேய்ந்து இந்த இடைவெளி மூடிக்கொள்வது அடிக்கடி நடப்பது.

டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருந்தால் மூன்று சிலிண்டரும் ஒன்றுபோல் மந்தமாகும். வேக்கம் தாழ்ந்து நிற்கும். பெல்ட் மாற்றிய மறுநாளிலிருந்து பிக்கப் இல்லை என்றால் குறிகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பெட்ரோலும் எத்தனாலும்

இந்த என்ஜின் வடிவமைக்கப்பட்ட காலத்தில் இந்தியப் பெட்ரோலில் எத்தனால் இல்லை. இன்று பங்க்குகளில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். முழுதாக எரிய, கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும்; இ20க்குச் சுமார் 13.5 கிலோ போதும். எம்பிஎஃப்ஐ வண்டியில் ஆக்சிஜன் சென்சார் இருந்தால் பெட்ரோலைக் கூட்டி ஈடுசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. பழைய அளவிலேயே பெட்ரோலைத் தரும். கலவையில் காற்று கூடிவிடும். ஏற்கெனவே எல்லையில் இருந்த ஐடில் இதனால் உதறத் தொடங்கலாம். முன்பிருந்ததைவிட மிக்சர் ஸ்க்ரூ சற்றுக் கூடுதலாகத் திறந்திருக்க வேண்டி வருவது இயல்பே.

பெரிய தொல்லை ரப்பரில். எத்தனால் பழைய பெட்ரோல் குழாய்களை உள்ளிருந்து இளக்கும். கருந்துகள்கள் ஃபில்டரிலும் ஜெட்டிலும் சேரும். டேங்கிலிருந்து பம்ப், பம்பிலிருந்து கார்புரேட்டர், திரும்பும் குழாய் என எல்லா ரப்பர் துண்டுகளையும் எத்தனால் தாங்கும் குழாயாக ஒரே முறையில் மாற்றுவது நல்லது. டேங்க்கில் ஒட்டியிருந்த பழைய பிசினையும் எத்தனால் கரைத்துக்கொண்டு வரும் என்பதால், மாற்றிய ஃபில்டரை இரண்டு டேங்க் பெட்ரோல் ஓடியதும் இன்னொருமுறை மாற்றுங்கள்.

மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் இறங்கும். குழாய் உறிஞ்சுவது அந்த அடிப்பகுதியைத்தான். ஃபில்டரிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பெட்ரோல் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் டேங்க்கை முழுதாக இறக்கிக் கழுவ வேண்டும். எத்தனால் எவ்வளவு என்று பார்க்க, 100 மி.லி. அளவுக் குடுவையில் 10 மி.லி. தண்ணீர் ஊற்றி, 100 குறி வரை பெட்ரோல் நிரப்பி, மூடிக் குலுக்கி வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். கீழடுக்கு 28 குறியை ஒட்டி வந்து நின்றால் அது இ20.

ஏ.சி. பம்ப் என்று பட்டறையில் சொல்லும் மெக்கானிக்கல் பம்பின் டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் என்ஜின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடையோடு ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் வண்டியை அப்படியே நிறுத்திவிடுங்கள். நீர்த்த ஆயிலில் ஓட்டினால் பேரிங் போகும். பம்பை மாற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கத்திரி வெயிலில் நெரிசலில் ஊர்ந்து, உதறி, அணைந்து, இருபது நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும் வண்டிக்கு இரண்டு காரணம் இருக்கலாம். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிப் பம்பில் அடைத்துக்கொள்வது ஒன்று. சூட்டில் காயிலோ கண்டென்சரோ விட்டுப்போவது இன்னொன்று. ஆறிய பிறகு பட்டறைக்குப் போனால் எதுவும் தெரியாது. அணைந்த அந்த இடத்திலேயே, என்ஜின் ஓடாத நிலையில், ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி த்ராட்டிலை ஒருமுறை கையால் தள்ளுங்கள். பெட்ரோல் பீச்சினால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது, இக்னிஷனைச் சந்தேகியுங்கள். பீச்சவில்லை என்றால் பம்பின் மேல் ஈரத்துணி போட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள்.

இப்போது கார்புரேட்டர்

இவ்வளவும் பார்த்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவர். ஐடில் ஜெட்டைக் கழற்றி, கார்ப் கிளீனர் விட்டு, காற்றடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கம்பியோ ஊசியோ விட்டுக் குத்தக் கூடாது. ஜெட்டின் துளை மிகத் துல்லியமான அளவில் துளைத்தது. ஒரு கீறலில் அது நிரந்தரமாகப் பெரிதாகிவிடும். ஐடில் கட்-ஆஃப் சோலினாய்டு உள்ள கார்புரேட்டரில், சாவியைப் போட்டதும் ‘டக்’ என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஆக்சிலரேட்டரை விட்டதும் அணையும்.

மிக்சர் ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருப்பி, தட்டுப்பட்டதும் நிறுத்தி, இரண்டரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். இறுக்கினால் ஊசிமுனையில் வளையம் விழும், பிறகு எப்போதும் அளவு நிற்காது. ஏர் ஃபில்டர் மாட்டிய நிலையில், சோக் முழுதாக விட்ட நிலையில், ரேடியேட்டர் மின்விசிறி ஒருமுறை சுற்றி நின்ற பிறகு, ஐடிலை 900க்குக் கொண்டுவாருங்கள். மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுகளாக உள்ளே திருப்பி, தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வெளியே திருப்பி மறுபக்கம் தொய்யும் இடத்தைக் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவே வேகம் உச்சத்தில் சீராக நிற்கும் இடம்தான் உங்களுக்கு வேண்டியது. வேகம் கூடியிருந்தால் ஐடில் ஸ்க்ரூவால் 900க்கு இறக்கி, மிக்சரை இன்னொருமுறை சரிபாருங்கள்.

ஸ்க்ரூவை முழுதாக உள்ளே திருப்பியும் என்ஜின் அசையாமல் ஓடினால், பெட்ரோல் ஐடில் வழியில் வரவில்லை. ஐடில் ஸ்க்ரூவை யாரோ அதிகம் ஏற்றி, த்ராட்டில் தட்டு திறந்து, அடுத்த துளைகள் வழியே பெட்ரோல் இழுத்துக்கொண்டிருக்கிறது. அல்லது ஃப்ளோட் மட்டம் உயர்ந்து மெயின் ஜெட்டிலிருந்து வழிகிறது. த்ராட்டில் ஷாஃப்ட் மேலும் கீழும் ஆடினால் எந்த கேஸ்கெட் கிட்டும் அதைச் சரிசெய்யாது. புஷ் போட வேண்டும், அல்லது வேறு கார்புரேட்டர்.

சரிசெய்து முடித்ததும் 15 கி.மீ. ஓட்டிவிட்டு, ஆறவிட்டு, மூன்று பிளக்கையும் மறுபடி துணிமேல் வரிசையாக வையுங்கள். மூன்றும் ஒரே வெளிர் பழுப்பில் இருந்தால் வேலை முடிந்தது. மூன்றும் ஒன்றுபோல் கருப்பென்றால் மிக்சரை எட்டில் ஒரு சுற்று உள்ளே. ஒன்று மட்டும் நிறம் மாறியிருந்தால் ஸ்க்ரூவை விட்டுவிட்டு அந்தச் சிலிண்டரின் ஒயரிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.